முலாம்பழமே, அவகிட்ட சொல்லு

வெர்னா கத்தியை எடுத்ததும் ஹாஸ்கெல் தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

“பயப்படாதீங்க தம்பி. கேக் வெட்டத்தான்,” என்றாள் வெர்னா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பர்பாங்க் நகரத்து வெயில் சமையலறை ஜன்னலில் முட்டிக்கொண்டிருந்தது. ஹாஸ்கெல் சபையின் ஒழுங்குப் பிரிவைச் சேர்ந்தவர். பக்கத்தில் டிரென்ட் என்ற இளம்பெண், சாய்ந்தால் குற்றமாகிவிடும் என்பதுபோல் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் விருந்துக்கு வரவில்லை, சாட்சிக்கு வந்திருந்தார்கள். வெர்னாவின் மூத்த மகள் கொரின் சற்று நேரத்தில் வந்துவிடுவாள். அவள் முகத்தைப் பார்த்து, ‘இன்று முதல் நீ என் மகள் இல்லை’ என்று வெர்னா சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் தள்ளிவைப்பது. சபையை விட்டுப் போனவர்களைப் பெற்றவர்களும் கூடப் பிறந்தவர்களும் அப்படித்தான் அறுத்துவிட வேண்டும். அறுக்காதவர்களையும் சபை தள்ளிவைத்துவிடும்.

வெர்னாவுக்கு எழுபத்திரண்டு வயது. பிள்ளைகளின் அப்பா ஓடிப்போன பிறகு, ஒரு பலகாரக் கடையில் பரிமாறி மூன்று பேரையும் வளர்த்தவள். அந்தக் கடைக்குச் சாப்பிட வந்த ஒருவர்தான் அவளைச் சபைக்கு அழைத்தார். தனியாக அழுதுகொண்டிருந்தவளுக்கு அங்கே பேச ஆள் கிடைத்தது. சொந்தபந்தமெல்லாம் அதுவே என்று ஆகிப்போனது.

அப்புறம் கொரின் பிரபலமானாள். பகல்நேரத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் இருபது வருஷமாக அவள் டாக்டர். நாட்டில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. விமான நிலையத்தில் பெண்கள் அவளிடம் கையைக் காட்டி, இந்தத் தடிப்புக்கு என்ன தடவலாம் என்று கேட்பார்கள். சபையின் விளம்பரப் பலகைகளில் எல்லாம் அவள் முகம்தான். போன மாதம் சபையின் ஆண்டுவிழாவில், ‘என் குடும்பத்தை ஒன்றுசேர்த்தது இந்தச் சபை’ என்று பேசச்சொல்லி அவளை மேடையேற்றினார்கள். அவள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு டெல்னு ஒரு தம்பி இருக்கான். போதும்னு சொல்லி வெளியே போனான். எட்டு வருஷமா அவன் மூஞ்சிய நாங்க பாக்கக் கூடாதுன்னு வெச்சிருக்கீங்க. நானும் மானங்கெட்டுப் போய்ப் பாக்காமத்தான் இருந்தேன். அப்புறம் யாரோட குடும்பத்தைய்யா சேத்து வெச்சீங்க?” என்றாள். ஒலிபெருக்கியின் உயிர் போய்விட்டது. மறுநாளே அவள் சபையை விட்டு விலகிக்கொண்டாள்.

“வந்துட்டாங்க,” என்றாள் ஜாய்ஸ் மெதுவாக. ஜாய்ஸ் கடைக்குட்டி. சபையின் வரவேற்பறையில் வேலை. சட்டையில் சபையின் வில்லை பளபளத்தது. காலையிலிருந்து அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கொரின் கறுப்புக் கண்ணாடியோடு உள்ளே வந்தாள். பின்னாலேயே அவள் கணவன் ரமோன். சினிமாவில் மற்றவர்களுக்காகக் கட்டடங்களிலிருந்து குதிப்பது அவன் தொழில். ஹாஸ்கெலைக் கண்டதும் அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“இவங்க எதுக்கும்மா வந்திருக்காங்க?” என்று கேட்டாள் கொரின். கேட்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றினாள். “சரி. சொல்லுங்கம்மா. நின்னுக்கிட்டே கேட்டுக்கறேன்.”

“சொல்லுங்க மேடம்,” என்றார் ஹாஸ்கெல்.

வெர்னா வாயைத் திறந்தாள். இதே வாக்கியத்தை அவள் ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருக்கிறாள், தொலைபேசியில், டெல்லிடம். முழுவதும் கேட்டுவிட்டு அவன், “சரிம்மா. சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டான். பதில் சொல்லக்கூடாது என்பது சபையின் விதி. அவள் பதில் சொல்லவில்லை. அந்த ‘சாப்பிட்டியா’ எட்டு வருஷமாக அவள் தொண்டையில் கிடந்தது.

“இன்னைக்கு முதல்...” என்று ஆரம்பித்தாள். கொரின் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். வெர்னாவுக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“மேடம்!”

“இல்ல தம்பி... பிரசவ வலியில இருபத்தாறு மணி நேரம் கிடந்து பெத்தேன் இவளை. இப்போ பெக்கவே இல்லைன்னு சொல்லணும், அதுக்கு நீங்க ரெண்டு பேரும் சாட்சி. பெத்தப்போ எங்கய்யா போயிருந்தீங்க?”

ஹாஸ்கெல் எழுந்து நின்றார். “யோசிச்சுப் பேசுங்க. நீங்களும் வெளியதான் போகணும். சபையில ஒருத்தரும் உங்ககூடப் பேச மாட்டாங்க. உங்க தோழி ஓப்பல் உட்பட.”

வெர்னாவின் சிரிப்பு பாதியில் நின்றது. ஓப்பல் இரண்டு வீடு தள்ளி இருப்பவள். பலகாரக் கடையில் கூடப் பரிமாறியவள். அவளைக் கைபிடித்துச் சபைக்கு அழைத்துப் போனதே வெர்னாதான். இன்று ஓப்பலின் மகன் கர்ட்டிஸ் சபையில் பெரிய பொறுப்பில் இருக்கிறான்.

“என் மககிட்ட நான் அதைச் சொல்ல மாட்டேன்,” என்றாள் வெர்னா. “ஒரு தடவை சொன்னதே ஏழு ஜென்மத்துக்குப் போதும்.”

அப்போதுதான் ஜாய்ஸ் வாயைத் திறந்தாள்.

“அம்மா, நான் டெல்கிட்ட பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். மூணு வருஷமா.”

எல்லோரும் திரும்பினார்கள். “எங்கடி?” என்றாள் வெர்னா.

“கார் கழுவுற இடத்துல. மெஷின் உள்ள போனதும் கண்ணாடி முழுக்க நுரை மூடிக்கும்ல? வெளியேருந்து யாரும் பாக்க முடியாது. என் கார்லயே அவனையும் ஏத்திக்கிட்டுப் போவேன்.”

“அடிப்பாவி! அதான் உன் கார் கல்யாணப் பொண்ணு மாதிரி மினுக்குதா! நான் உனக்கு எவனோ காதலன் இருக்கான்னுல நெனச்சேன்!”

“காதலனுக்கு நேரம் எங்கம்மா இருக்கு? வாரத்துக்கு ரெண்டு தடவை கார் கழுவணுமே!”

கொரின் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சரிந்தாள். ரமோன் தொண்டையைக் கனைத்தான்.

“அத்தை, நானும் ஒண்ணு சொல்லிடறேன். சபையில முன்ஜென்மத்தைப் பத்திக் கேப்பாங்கல்ல? எனக்கு ஒரு எழவும் ஞாபகம் வரல. நான் குதிச்ச படக்கதைங்களையே சொல்லிட்டேன். கடல் கொள்ளைக்காரனா இருந்தேன்னு சொன்னேன், எரியிற கப்பல்லேருந்து குதிச்சேன்னு சொன்னேன். டிரென்ட் பொண்ணுதான் எதிர்ல உக்காந்து கேட்டுச்சு. கப்பல் கதைக்கு அழுதுருச்சு.”

டிரென்டின் முகம் சிவந்தது. உதட்டோரம் எதுவோ துடித்தது. அவள் சிரித்துவிடுவாளோ என்று வெர்னாவுக்குத் தோன்றியது. ஹாஸ்கெல் அவளைப் பார்த்தார். துடிப்பு அடங்கிவிட்டது.

“இந்தக் குடும்பமே விரோதி,” என்றார் ஹாஸ்கெல்.

“ஆமா தம்பி. கேக்கைக் கட்டித் தரட்டுமா? பொண்ணு ஒரு வாய் கூட வைக்கல.”

டிரென்ட் தட்டைப் பார்த்தாள். கை அதன் பக்கம் நகர்ந்தது. ஹாஸ்கெல் கதவைத் திறந்ததும் கையை இழுத்துக்கொண்டு அவர் பின்னால் போனாள். அவளுக்கும் எங்கேயாவது ஓர் அம்மா இருப்பாள் என்று வெர்னா நினைத்துக்கொண்டாள்.

கார் கிளம்பும் சத்தம் தேய்ந்ததும் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஜாய்ஸ் சட்டை வில்லையைப் பிடுங்கி எச்சில் பாத்திரத்தில் போட்டாள். அவ்வளவுதான், வீடு அமளியாகிவிட்டது. ரமோன் மாமியாரைத் தூக்கிச் சமையலறையைச் சுற்றினான். “விடுடா, இடுப்பு போயிடும்!” என்று கத்திக்கொண்டே அவள் அவன் தோளில் அடித்தாள்.

“இப்பவே டெல்கிட்ட போகலாம்,” என்றாள் கொரின்.

“கேக்கை எடுத்துக்க,” என்றாள் வெர்னா.

ஜாய்ஸின் பளபளக்கும் காரில் அடைத்துக்கொண்டு போனார்கள். ஜாக்கரண்டா மரங்கள் தெருவெல்லாம் ஊதாப் பூவைக் கொட்டி வைத்திருந்தன. செய்தி கேட்கக்கூடாது என்பது சபையின் இன்னொரு விதி. வெர்னா வானொலியைத் திருகி, கிடைத்த செய்தியை முழுச் சத்தத்தில் வைத்தாள். ஏதோ பாலத்துக்கு மராமத்து என்று சொன்னார்கள். “ஆகா! பாலத்துக்கு மராமத்தாம்!” என்று கைதட்டினாள். மற்றவர்களும் கைதட்டினார்கள். வழியில் கார் கழுவும் இடம் ஒன்று வந்தது. கொரின் பிடிவாதம் பிடித்தாள். நாலு பேரும் நுரைக்குள் உட்கார்ந்து, ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காமல் சத்தம் போட்டார்கள். “இதுக்குள்ளயாடி மூணு வருஷம்...” என்று சிரித்த வெர்னா, கடைசித் தண்ணீர் கண்ணாடியில் வழிந்தபோது ஜாய்ஸின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டெல் கடலோர ஊரான வென்சுராவில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறான். கதவைத் திறந்தவள் நாலு வயதுச் சிறுமி. ஜாய்ஸுக்கு அவளைத் தெரியும், பெயர் ரென். வெர்னாவுக்கு அப்படி ஒரு பிள்ளை இருப்பதே தெரியாது. சிறுமி கொரினைப் பார்த்ததும் முட்டியைத் தூக்கிக் காட்டினாள்.

“டாக்டர், இங்க அடிபட்டிருக்கு.”

“அய்யோ, பெரிய அடிதான்,” என்று கொரின் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

டெல் கையில் எண்ணெய்க் கறையோடு வந்து நின்றான். தலையில் பாதி நரைத்திருந்தது. சிறுமி வெர்னாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்பா, இவங்க யாரு?”

“என் அம்மா.”

சிறுமியின் கண் விரிந்தது. “உனக்கு அம்மா இருக்காங்களா?”

வழியெல்லாம் சிரித்து வந்த சிரிப்பு வெர்னாவின் முகத்தில் வடிந்துபோனது. கேக் தட்டைப் படியில் வைத்துவிட்டுக் குனிந்தாள்.

“இருந்தேன்டி கண்ணு. நடுவுல கொஞ்ச நாள் காணாமப் போயிட்டேன்.”

“கொஞ்ச நாள்னு சொல்லாத,” என்றான் டெல்.

“எட்டு வருஷம்,” என்றாள் வெர்னா. “எட்டு வருஷம் காணாமப் போயிட்டேன்.”

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கதவை அகலமாகத் திறந்தான். கட்டிப்பிடிக்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. சாயங்காலம் வரை இருந்தார்கள். ரமோனின் கப்பல் கதையைக் கேட்டபோதுதான் அவன் முதல்முதலாக வாய்விட்டுச் சிரித்தான். கிளம்பும்போது, “அடுத்த ஞாயிறு வரியா?” என்று கேட்டான். திரும்பி வரும் வழியில் அவள் பதினாறு வயசுக்காரி மாதிரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வந்தாள்.

அதன் பிறகு பர்பாங்கில் சபைக்காரர்கள் ஒவ்வொருவராக அவளுக்குக் கதவடைத்தார்கள். முடி வெட்டுகிறவள் இடமில்லை என்றாள். ஒன்றாகச் சீட்டாடியவர்கள் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார்கள். வெர்னா ஒவ்வொருவருக்கும் கையை ஆட்டினாள். குளியல் தொட்டியில் படுத்துக்கொண்டு, கிடைத்த செய்தித்தாளையெல்லாம் படித்தாள். கொரினின் பேட்டி ஒன்றில் தன் பெயர் வந்ததை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். சந்தோஷத்தில் தலை சுற்றியது. ஓப்பலின் வீட்டைத் தாண்டும்போது மட்டும் அந்தச் சுற்றல் நின்றுவிடும். அங்கே ஜன்னல் திரை இழுத்துவிட்டிருக்கும். ஓப்பல் பேசினால், கர்ட்டிஸ் அவளை ஒதுக்க வேண்டும், பேரப்பிள்ளைகளைக் கண்ணில் காட்டமாட்டான். இந்த வலையில் அவளைக் கொண்டுபோய் விட்டதே நான்தானே என்று வெர்னா தன்னையே திட்டிக்கொள்வாள்.

ஒரு நாள் காலையில் காய்கறிக் கடையில் வாழைப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முதுகுப் பக்கம் பழகிய குரல் கேட்டது.

“முலாம்பழமே, அவகிட்ட சொல்லு, இந்தத் தலைமுடி அவளுக்கு நல்லா இல்லைன்னு. யாருகிட்ட வெட்டிக்கிட்டாளாம்?”

வெர்னா திரும்பவில்லை. திரும்பினால் ஓப்பலுக்கு ஆபத்து. ஒரு வாழைச்சீப்பைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

“வாழைப்பழமே, அந்தக் கெழவிகிட்ட சொல்லு, நானேதான் வெட்டிக்கிட்டேன்னு. கண்ணாடி இல்லாம வெட்டினது.”

“தெரியுதுன்னு சொல்லு.”

இரண்டு முதுகுகளும் குலுங்கின. கடைப்பையன் வந்து, “ஏதாவது வேணுமாம்மா?” என்று ஓப்பலைக் கேட்டான்.

“பழத்தோட பேசிக்கிட்டிருக்கேன். பழத்தோட பேசக்கூடாதுன்னு எங்க சபையில இன்னும் சட்டம் போடல. நீ போப்பா.”

அவன் போய்விட்டான். ஓப்பலின் குரல் தாழ்ந்தது. “முலாம்பழமே, டெல் எப்படி இருக்கான்னு கேளு.”

“பாதி நரைச்சுட்டான். ஒரு பொண்ணு இருக்கு. ரென்னு பேரு. என்னைப் பாட்டின்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டா. இதையும் சொல்லிடு வாழைப்பழமே. அந்தக் கெழவியை நான் சபைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கச் சொல்லு.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

“முலாம்பழமே,” என்றாள் ஓப்பல். “தெனமும் இங்க வந்து நிக்கறேன், இவ வர்றாளான்னு. வெறுங்கையோட திரும்பினா கர்ட்டிஸ் கேப்பான்னு தெனமும் ஒரு முலாம்பழம் வாங்கறேன். வீடெல்லாம் முலாம்பழமா கெடக்குன்னு சொல்லு.”

வெர்னாவுக்கு வாழைச்சீப்பு மங்கலாகத் தெரிந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் தள்ளுவண்டியோடு கர்ட்டிஸ் வந்துவிட்டான். வெர்னாவைப் பார்த்ததும் அம்மாவின் முழங்கையைப் பிடித்தான்.

“அந்தப் பொம்பளைகிட்ட பேசினீங்களா?”

“எந்தப் பொம்பளைடா? நான் பழம் பாத்துக்கிட்டிருக்கேன்.”

அவன் அவளை இழுத்துக்கொண்டு நடந்தான். நாலடி போனதும் ஓப்பல் நின்று, கடை முழுக்கக் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

“கர்ட்டிஸ்! வியாழக்கிழமை பத்து மணிக்கு நான் மீன் வாங்க வரணும். அந்தக் கடைசிப் பக்கம், மீன் விக்கிற எடத்துக்கு!”

“உங்களுக்குத்தான் மீன் வாசனையே ஆகாதேம்மா?”

“இனிமே ஆகும்டா,” என்றாள் ஓப்பல்.