வலப்பக்கத்து நாடா

சங்கரி காலையிலிருந்து தறியில் ஒற்றை ஆளாக மாரடித்துக்கொண்டிருந்தாள். உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோர்க்கும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். வலப்பக்கக் கரைக்குக் குறுக்கு நூல் ஓட்டும் கட்டையான நாடா தனி, அதை வீசத் தனி ஆள். இன்று அவளே ஒவ்வொரு இழைக்கும் எக்கி எக்கி அதைத் தள்ளினாள்.

கட்டிலில் திரிஷா போனில் ஆன்லைன் வகுப்பு பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் தகப்பன் இல்லாத அவளை அரசாங்கப் பராமரிப்புத் திட்டத்தில் குழந்தைகள் ஹோமிலிருந்து வாங்கி வளர்த்தவர்கள் சங்கரியும் குமாரவேலும். போன மாதம் கொரோனா குமாரவேலைக் கொண்டுபோய்விட்டது. முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. புருஷன் இடத்துக்குச் சங்கரி நகர, வலப்பக்க நாடா வீசும் அவள் இடத்தில் திரிஷா ஏறி உட்கார்ந்தாள். "வேணாம்மா, ஆபீசுல தெரிஞ்சா உன்ன இட்டுக்கினு போய்டுவாங்க" என்று சங்கரி தடுத்தும் கேட்கவில்லை. பத்தாவது படிக்கிற பெண், பிசிறில்லாமல் கோர்த்தாள். அசல் கெட்டிக்காரி.

இன்று குழந்தைகள் நல அதிகாரி விசாரிக்க வருகிறார். தறி ஓடவில்லை என்றால் வருமானமில்லாத வீடு; பெண் ஹோமுக்குப் போக வேண்டும். பெண் தறியில் இருந்தாலும் போக வேண்டும்.

அதிகாரி இரண்டு மாஸ்க்கோடு வந்தார்.

"தனியாவே நெய்யறீங்களா?"

"பழகிப்போச்சு மேடம். பொண்ணு படிச்சுக்கினு இருக்குது, பாருங்க."

அதிகாரி தலையாட்டினார். சங்கரி தறியின் மிதிகட்டையை மிதித்தாள். கண் போனிலேயே இருக்க, திரிஷாவின் வலக்கை தானாக நீண்டு, இல்லாத நாடாவைத் தள்ளியது. அடுத்த மிதிக்கும் தள்ளியது.

"எவ்ளோ நாளா தறியில உக்கார்ற?" என்றார் அதிகாரி.

திரிஷா கையை மடியில் ஒளித்தாள். "அப்பா செத்ததுலேர்ந்து. அம்மா உக்கார சொல்லல மேடம், நானாத்தான்."

"சின்னப் பசங்க தறியில உக்காரக் கூடாதும்மா. துணி எடுத்துக்கோ, வண்டி நிக்குது."

"ஹோம்லயே புள்ளைங்களுக்கு கொரோனாவாமே மேடம்" என்றாள் சங்கரி. அதிகாரி மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டார்.

திரிஷா அழவில்லை. போனை வைத்துவிட்டுத் தறியில் ஏறினாள்.

"கரையில இந்தப் பூ ஒண்ணு முடிச்சுட்டு வரேன் மேடம். பாதில விட்டா அம்மா தனியா கோக்க முடியாது."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார். சங்கரிக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. துடைத்தால் தறி நிற்கும். மிதித்தாள். வலப்பக்கத்திலிருந்து நாடா வந்தது.