பெஹாலா கிளையில் நான்கு நிமிடம்

பெஹாலாவில் இருந்த அந்த இரத்தப் பரிசோதனைக் கிளையில் ஒரு ரிப்போர்ட் அச்சாக நான்கு நிமிடம் பிடித்தது. முன்பெல்லாம் பத்து விநாடி. கரியாஹாட் தலைமை அலுவலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புது சர்வர் வைத்தார்கள். திங்கள் காலையில் ஆரம்பித்தது இந்தக் கூத்து. கிளையில் இருந்த கம்ப்யூட்டர் பெயருக்குத்தான். வேலையெல்லாம் கரியாஹாட் சர்வரில் நடக்கும், ரிமோட் டெஸ்க்டாப் வழியாக இங்கே திரையில் தெரியும், காகிதம் மட்டும் இங்கே வரவேண்டும். அதுதான் வரமாட்டேன் என்றது. கௌண்டர் வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது.

கௌண்டரில் இருந்தவள் பிரியம்வதா. சேர்ந்து ஐந்து மாதம். இன்னும் ஒரு மாதம் தாண்டினால் வேலை நிரந்தரம்.

கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் குருபிரசாத் ஒருநாள் வந்து எட்டிப்பார்த்தார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. அவளோடு எப்போதும் தமிழில் பேசுகிறவர், அன்றைக்கு வரிசைப் பக்கம் திரும்பி நின்று வங்காள மொழியில் பேசினார். மெஷினில் ஒரு குறையும் இல்லை, கரியாஹாட்டில் பறக்கிறது, இந்தப் பெண்ணின் கைதான் மந்தம் என்றார். வரிசையில் சிரித்தார்கள். கிளைகளுக்கெல்லாம் முதலாளியான பெரிய டாக்டருக்கும் அதையே மெயிலில் எழுதினார். இவளை நிரந்தரமாக்குமுன் யோசிக்கவேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

கொடுமை என்னவென்றால் அவள் அதை நம்பினாள். பன்னிரண்டு நாள் நம்பினாள். எதை முதலில் அழுத்துகிறோம், எங்கே தாமதிக்கிறோம் என்று நிமிடக் கணக்கோடு நோட்டில் எழுதிப் பார்த்தாள். குறித்த கணக்கிலேயே தப்பு இருக்குமோ என்று மறுபடி எழுதினாள். சாப்பிடும்போதும் அவள் விரல்கள் தட்டின் ஓரத்தில் தட்டச்சுச் செய்வதைப் பார்த்து அம்மா பயந்துபோனாள்.

பதின்மூன்றாம் நாள் லீவு போட்டுவிட்டுக் கரியாஹாட்டுக்குப் போனாள். அங்கே கௌண்டரில் இருந்தவளைக் கெஞ்சி, அதே ரிப்போர்ட்டைத் தானே அடித்துப் பார்த்தாள். ஏழு விநாடி. அதே கை.

மிச்சத்தைக் கண்டுபிடிக்க இரண்டே நாள். ரிப்போர்ட்டை வடிவமைக்கும்போது வரிக்கு வரி சர்வர் பிரிண்டரைக் கேட்கிறது: காகிதம் எவ்வளவு நீளம், எழுத்து எவ்வளவு அகலம் என்று. கரியாஹாட்டில் பிரிண்டர் பக்கத்திலேயே இருப்பதால் பதில் உடனே வந்துவிடும். பெஹாலா பிரிண்டரைக் கேட்டால் ஒவ்வொரு கேள்வியும் ஊரைக் கடந்து வந்து திரும்பவேண்டும். திரையில் வரும் பிரிண்டர் பட்டியலில் அவள் கரியாஹாட் பிரிண்டரைத் தேர்ந்து ரிப்போர்ட்டைத் தயாரித்து, கோப்பாகச் சேமித்து, பிறகு பெஹாலாவில் அச்சடித்தாள். பத்து விநாடி.

யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் நான்கு நிமிட வழியிலேயே அடித்தாள். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்தவர்கள் காத்து நின்றார்கள். தான் இவ்வளவு கெட்டவளா என்று ஒருமுறை நினைத்தாள். சிரித்தவர்கள்தானே என்றும் நினைத்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை பெரிய டாக்டரின் தங்கை வந்தார். அவருடைய ரிப்போர்ட் மட்டும் பத்து விநாடியில் வந்தது. அவர் அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் செய்து, உன் பெஹாலாப் பெண் கெட்டிக்காரி என்றார். பெரிய டாக்டர் குருபிரசாத்தைக் கூப்பிட்டு, அவளால் முடிந்தது உன்னால் ஏன் முடியவில்லை, சாயங்காலத்துக்குள் எல்லாக் கிளையும் சரியாகவேண்டும் என்றாராம்.

நான்கு மணிக்குக் குருபிரசாத் வந்து நின்றார்.

"என்னம்மா பண்ணினே?" தமிழில்தான் கேட்டார், அதுவும் மெதுவாக.

"என்ன சார் பண்றது, என் கை மந்தமாச்சே."

"வெளையாடாதே பிரியம்வதா. டாக்டர் என்னை உரிச்செடுத்துட்டார்."

"டாக்டருக்கு எழுதினதை மாத்தி எழுதுங்கோ. சர்வர் வச்சதுல தப்பு, இவ மேல இல்லைன்னு. ஒரு காப்பி இந்தச் சுவத்துல ஒட்டணும். பெங்காலில."

"எனக்கு பெங்காலி எழுத வராது. உனக்கே தெரியும்."

"பேச நன்னா வருமே சார். நீங்க சொல்லுங்கோ, ரஞ்சன்தா எழுதுவார்."

ரஞ்சன், கிளையில் ரத்தம் எடுப்பவர், கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பேனாவோடு வந்தார். குருபிரசாத் சொல்ல ஆரம்பித்ததும் வரிசை பேச்சை நிறுத்தியது. இந்தப் பெண்ணிடம் குறையில்லை என்ற இடத்தில் அவர் குரல் உள்ளே போய்விட்டது. ஃபேன் சத்தத்தில் கேட்கவில்லை அண்ணா, உரக்கச் சொல்லுங்கள் என்றார் ரஞ்சன். உரக்கச் சொன்னார். முதலில் நின்ற கிழவர் அதைப் பின்னால் இருந்தவர்களுக்கு எடுத்துச் சொன்னார்.

காகிதம் சுவரேறியது. மெயிலும் போயிற்று. இந்த மாதமே அவளை நிரந்தரமாக்கிவிடு என்று பெரிய டாக்டரிடமிருந்து வந்த ஒரு வரிப் பதிலை, குருபிரசாத்தின் போனை வாங்கி அவள் இரண்டு தடவை படித்தாள்.

"இப்பவாவது காமி."

அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. குனிந்தே பார்த்துக்கொள்ளட்டும் என்று மௌஸை அவர் பக்கம் நகர்த்திவைத்தாள்.