அட்டையில் விடுபட்ட பெயர்

அப்பாவின் கறுப்பு டையைத் தேடி மேசையின் கடைசி இழுப்பறையைத் துழாவிக்கொண்டிருந்த ரெகினேவின் கையில் அது அகப்பட்டது. சாவு அறிவிப்பு அட்டை. அப்பாவுடையதே. விடிகாலையில்தான் உயிர் போயிருந்தது. அட்டையோ தேதிக்கு மட்டும் இடம் விட்டு எப்போதோ தயாராகியிருந்தது.

ஐம்பது வருடம் பாசல் நகரத்துச் சுவர்களுக்கெல்லாம் சுவரொட்டி வடிவமைத்த ஹான்ஸ்யாகோப் கீசின், தன் சாவை மட்டும் அடுத்தவர் கையில் விடுவாரா? கறுப்புக் கரை இல்லை, சிலுவை இல்லை, பூ இல்லை. எல்லா வரிகளும் இடது ஓரத்தில் ஒரே நேரில் தொடங்கின. மீதி முக்கால் அட்டையும் வெள்ளை. அழகாகத்தான் இருந்தது. அவர் பெயருக்குக் கீழே, துயருறுவோர் என்ற இடத்தில், ‘மகள் ரெகினே’ என்று ஒரே வரி.

அம்மாவின் பெயரைக் காணவில்லை.

பின்பக்கம் பென்சிலில் குறித்திருந்தார். 1998. பிறகு 2006, எழுத்து இடைவெளி திருத்தம். 2015, மறுபடியும் இடைவெளி.

ரெகினே அதை மறைக்கப் பார்ப்பதற்குள் அம்மா எல்ஸ்பெத் காப்பிக் கோப்பையோடு உள்ளே வந்துவிட்டாள்.

“என்னது, கொண்டா பாப்போம்.”

“ஒண்ணுமில்லம்மா. பழைய காகிதம்.”

“உங்கப்பாகிட்ட பழைய காகிதம்னு ஒண்ணு கிடையாது. கொண்டா.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தாள்.

“தொண்ணூத்தெட்டுலதான் எனக்குப் புற்றுநோய் ஆபரேஷன். ஆறு மாசம் தாண்டமாட்டேன்னாங்க. நான் முந்திடுவேன்னு நினைச்சிருக்கார், அது சரி. எல்லாரும்தான் நினைச்சாங்க.” கோப்பையைக் கீழே வைத்தாள். “அப்புறம் ரெண்டு தடவை எடுத்துத் திருத்தியிருக்காரே. எழுத்துக்கு நடுவுல இருக்குற இடைவெளி கண்ணுல பட்டிருக்கு. பக்கத்து ரூம்ல நான் உயிரோட இருக்குறது படல. வலிக்குதுடி எனக்கு.”

ரெகினேவுக்கு அப்பாவின் மேல் கோபம் பொங்கியது. ஆனால் செத்தவரிடம் என்ன சண்டை போடுவது?

மத்தியானத்துக்குள் அச்சுக்குப் போனால்தான் சாயங்காலத் தபாலில் எல்லோருக்கும் அனுப்ப முடியும். அப்பாவின் சுவரொட்டிகளையெல்லாம் அச்சிட்ட பூஸரை ரெகினே தொலைபேசியில் அழைத்து அட்டையை வாசித்துக் காட்டி, அம்மாவின் பெயரையும் சேர்க்கச் சொன்னாள். அதை எங்கே சேர்ப்பது என்று அவர் கேட்டபோது, எல்ஸ்பெத் தொலைபேசியை வாங்கிக்கொண்டாள்.

“நடுவுல போடுங்க பூஸர். வெள்ளையா கிடக்குதே, அதுக்கு நட்டநடுவுல. அவர் பேரு எவ்வளவு பெருசோ அவ்வளவு பெருசா.”



“நடுவுலயா? கீசின் அட்டையிலயா? அவர் இருந்தா என்னைக் கொன்னே போட்டிருப்பார்ங்க.”

“அவர்தான் இல்லையே.”

ஒரு மணி நேரத்தில் பூஸரே சைக்கிளில் மாதிரி அட்டையைக் கொண்டுவந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். எல்ஸ்பெத் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு கணவரின் உடல் கிடந்த அறைக்குள் போனாள். ரெகினே கூடப் போகவில்லை. உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அதன் பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது அவள் மூக்கு சிவந்திருந்தது.

“நல்லாவே இல்ல,” என்றாள்.

அட்டையை மேசைமேல் வைத்தாள்.

“இடது பக்கம் தள்ளிடுங்க. அவர் பேருக்கு நேர் கீழ.”

பூஸர் பென்சிலை எடுத்தார். அவள் அதை அவரிடமிருந்து வாங்கி, கணவரின் மேசையிலிருந்த அளவுகோலை அட்டைமேல் வைத்து, அவர் பெயரின் முதல் எழுத்திலிருந்து கீழே ஒரு நேர்கோடு போட்டாள்.