வெளியே சுவிச் இல்லை

இல்லை, இது சரிவராது, நட்சத்திரம் மின்னுகிற லைற் எனக்கு எதற்கு, குளிக்கப் போன இடத்தில் வானத்தையா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கப் போகிறேன் என்று சுபாஜினி நினைத்துக்கொண்டிருக்கும்போதே கடைக்காரன் எமில்ராஜ் அதை மறுபடியும் போட்டுக் காட்டினான், நீலம், ஊதா, பச்சை, அதற்குள்ளிருந்து பாட்டுக்கூட வருமாம்... காட்டியது அவளுக்கல்ல, நீர்வேலியிலிருந்து அவளை ஏற்றிவந்த ஓட்டோக்கார மரியரட்ணம் அண்ணைக்கு. "அக்காவின்ரை பாத்றூம் என்ன அளவாம் அண்ணை?" என்று அவரைத்தான் கேட்டான், "அக்காவுக்கு வெள்ளை வெளிச்சமோ மஞ்சள் வெளிச்சமோ விருப்பமாம்?" என்றும் அவரைத்தான். பாவம் அந்த மனிசன், கதவைப் பிடித்துவிட உள்ளே வந்தவர், இவள் முகத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். இரண்டு ஊன்றுகோல் கையில் இருந்தால் காதும் கேளாது, வாயும் வராது என்று ஏன் எல்லோரும் நினைக்கிறார்கள், ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான், தம்பியைப் பார்த்து "இவவுக்கு நோகுதாமோ" என்றார்கள்... நொந்தது எனக்கு. சரி, எத்தனை வருஷம் புவியியல் படிப்பித்தாய், கடைசி வாங்கில் கதைக்கிறவனை எப்படி நிறுத்துவாய், குரலை உயர்த்தாமல், பெயரை மட்டும் சொல்லி... பெயர் வெளியே பலகையில் இருந்தது. "எமில்ராஜ்," என்றாள். அவன் திரும்பினான். "லைற் வாங்க வந்தது நான். என்னோடை கதையுங்கோ." அவன் முகம் ஒரு கணம் வெளிறியது, பிறகு, "ஓம் அக்கா, சொல்லுங்கோ," என்றான். மரியரட்ணம் அண்ணை பெரிய பாரம் இறக்கினவர் மாதிரி அங்கிருந்த கதிரையில் போய் இருந்துவிட்டார்.

சொல்லத்தான் வேண்டும், ஆனால் எதையெல்லாம் சொல்வது, ஒரு லைற் வாங்க ஒரு மனுஷி தன் குளியலறைக் கதை முழுவதையும் அச்சுவேலிக் கடையில் வைத்துச் சொல்ல முடியுமா... அது முந்தி களஞ்சிய அறை. பஸ் வந்து அவள் போன மோட்டார்சைக்கிளில் இடித்து வலது கால் இனி பாரம் தாங்காது என்றான பிறகு, முற்றத்துக் குளியலறைக்குப் படி இறங்க முடியாதென்று, வீட்டுக்குள்ளேயே அந்த அறையைத் தம்பி ஜெயரூபன் மாற்றிக் கட்டுவித்தான். ஜன்னல் இல்லை, மேலே கையகலத் துவாரம் ஒன்று, நடு மத்தியானத்திலும் லைற் போடாமல் உள்ளே போக முடியாது. சுவிச் கதவுக்கு வெளியே. ஈரத்துக்கு அதுதான் பாதுகாப்பு என்றார்கள், இருக்கலாம், ஆனால் வெளியே இருக்கிற சுவிச் வெளியே இருக்கிறவர்களுடையது, அதை யாரும் யோசிக்கவில்லை. பிறகு போன மாரியில் அவள் விழுந்தாள், அதற்குப் பிறகு தம்பி ஒரு லைற் கொண்டுவந்து பூட்டினான், ஆள் அசைந்தால் தானாக எரியும், அசையாவிட்டால் தானாக நிற்கும். நல்ல எண்ணம்தான். ஆனால் கொமட்டில் இருக்கிறவள் எதற்கு அசைவாள்... இருந்து ஏதோ யோசித்துக்கொண்டிருக்க டப்பென்று இருட்டு, உடனே கையைத் தூக்கி ஆட்ட வேண்டும், பஸ்ஸை மறிக்கிற மாதிரி, பஸ் நின்றுவிட்டுப் பிறகும் போய்விடும், பிறகும் ஆட்ட வேண்டும். தலைக்குச் சவர்க்காரம் போட்டு, ஒரு கையால் சுவர்க்கம்பியைப் பிடித்து, மற்றக் கையால் லைற்றுக்கு வணக்கம் சொல்லி... முதல் நாள் தனியே இருந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு வரவில்லை. தம்பியிடம் சொன்னபோது, "ஞாயிற்றுக்கிழமை நானே பாத்து வேறை வாங்கிறன் அக்கா, நீங்கள் அலையாதேங்கோ," என்றான். எத்தனை ஞாயிறு போயிற்று. அவனில் பிழை இல்லை, வங்கி வேலை, வாழைத்தோட்டம், பிள்ளைகள்... ஆனால் இன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும், ஓட்டோவில் ஏறினவுடன், வீட்டுக்கு என்று சொல்லத் திறந்த வாய் அச்சுவேலிக்கு என்று சொல்லிவிட்டது.

"நான் இருந்த இடத்திலை இருந்து போடோணும், நிப்பாட்டோணும்," என்றாள். "ஈரம் தாங்கோணும். அவ்வளவுதான்." இப்போது அவன் உசாரானான், சதுரமாய் மெல்லியதாய் ஒன்றை எடுத்துக் கொழுவினான், வடிவான லைற்தான், றிமோற்றும் உள்ளங்கைக்குள் அடங்கியது. அழுத்தினாள், எரியவில்லை. "நேரை பிடிக்கோணும் அக்கா, றிவிக்குப் பிடிக்கிற மாதிரி." நேரே பிடித்தாள், எரிந்தது. ஆனால் கண்ணுக்குள் நுரை இருக்கும்போது எது நேர், எது மேல்... கடைக்கு நடுவே நின்று கண்ணை மூடினாள், எமில்ராஜ் என்ன நினைக்கிறான் என்று நினைக்காதே, நினைக்கட்டும், கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாய் நீட்டி அழுத்தினாள், இல்லை, இன்னொருமுறை, இல்லை. கண்ணைத் திறந்து, "உது வேண்டாம்," என்றாள். ஒரு பொருளை வேண்டாம் என்று சொல்லி எவ்வளவு காலம், கொடுத்ததைப் போட்டு, வைத்ததைச் சாப்பிட்டு, பூட்டினதின் கீழ் குளித்து... வேண்டாம் என்ற சொல் வாயில் நன்றாயிருந்தது, புளியம்பழம் மாதிரி.

மூலையில், தட்டின் அடியில், வட்டமாய் ஒன்று கிடந்தது, பால்நிற மூடி, ஒரு சோடனையும் இல்லை. "அது ஒருத்தரும் எடுக்கேல்லை அக்கா, கலர் ஒண்டும் மாறாது, வெளிச்சம் கூட்டலாம் குறைக்கலாம், அவ்வளவுதான்." அவ்வளவுதான் என்றால் அவ்வளவு போதும், கொழுவுங்கோ. அவன் தூசு தட்டிக் கொழுவினான், ஈரத்துக்குச் செய்தது என்று பெட்டியில் எழுதியிருந்ததைத் தானாகவே காட்டினான். றிமோற்றை வாங்கினாள், சிறியது, பித்தான்கள் பெரியவை, மேடாய்த் தடவத் தெரிந்தன, மேலே உள்ளது போட நிறுத்த, கீழே இரண்டும் கூட்டக் குறைக்க. நனைந்தால்... கைப்பையில் மழைக்காலத்துக்கு ஃபோன் போட்டு வைக்கிற பொலித்தீன் பை இருந்தது, அதற்குள் போட்டு மடித்தாள், லைற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள், ஊன்றுகோல் இரண்டையும் கமக்கட்டுக்குள் இறுக்கி, கண்ணை மூடி, பைக்கு மேலால் பெருவிரலால் தடவித் தடவி... அழுத்தினாள். "அண்ணை, எரியுதோ?" மரியரட்ணம் அண்ணை எழும்பியே விட்டார். "எரியுது பிள்ளை." மறுபடி அழுத்தினாள். "நிண்டிட்டுது." மறுபடி. "எரியுது, எரியுது." மூடின இமைக்குள்ளும் அது தெரிந்தது, பின்னாலிருந்து வந்து எதிர்ச் சுவரில் பட்டு, செம்மஞ்சளாய்... நெஞ்சுக்குள் ஏதோ எழும்பிக்கொண்டு வந்தது, ஒரு லைற்றுக்கு இவ்வளவு சந்தோஷமா, ஓம், இவ்வளவுதான், வாசல் வரை நடந்து போய் அங்கே நின்று தெருவைப் பார்த்தபடி அழுத்தினாள், கடைக்குள் வெளிச்சம் கூடியது, குறைந்தது, கூடியது, மரக்கறிப் பையோடு போன ஒரு மனுஷி நின்று பார்த்துவிட்டுப் போனாள், பார்க்கட்டும்.

"ஒண்டு சொல்லோணும் அக்கா," என்றான் எமில்ராஜ், பெட்டியை மூடிக்கொண்டே. "சுவரிலை இருக்கிற சுவிச் எப்பவும் போட்டபடி இருக்கோணும். ஆரும் வெளியாலை நிப்பாட்டினால் றிமோற் வேலை செய்யாது." நெஞ்சுக்குள் எழும்பிக்கொண்டு வந்த சந்தோஷம் அப்படியே நின்றது. போன மாரி, பின்னேரம், வெளியே மழை, குளித்து முடித்துக் கம்பியைப் பிடித்துப் பாதி எழும்பியிருந்தாள், செருப்பின் சத்தம் ஒன்று கதவைக் கடந்து போனது, வார் தளர்ந்து இழுபடுகிற செருப்பு, அந்த வீட்டில் ஒரே ஒரு ஆளிடம்தான் அது இருந்தது, போகிற போக்கில் டக்கென்று ஒரு சத்தம், இருட்டு. ஜெயரூபனின் கை அப்படி, எரிகிற எதையும் கடந்து போகாது, விசிறியோ லைற்றோ, பார்க்காமலே நிறுத்திவிட்டுப் போகும். அவள் கூப்பிடுவதற்குள் கம்பி கையை விட்டது. மணிக்கட்டு முறிந்தது. என்ன நடந்தது என்று எல்லோரும் கேட்டபோது, "சவர்க்காரம் வழுக்கிப்போட்டுது," என்றாள், ஏன் அப்படிச் சொன்னாள், அவளைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினவன் அவன்தான், அழுதுகொண்டு ஓடினான், அந்த முகத்தைப் பார்த்து எப்படி... அதோடு போகட்டும் என்று விட்டாள். இப்போது இந்தப் பெட்டியையும் கொண்டுபோய் அதே சுவிச்சின் பின்னால் பூட்டுவதா, பிறகு ஒவ்வொரு நாளும் காதைத் தீட்டிக்கொண்டு செருப்புச் சத்தம் கேட்பதா, போடாதேங்கோ தொடாதேங்கோ என்று பலகை எழுதி மாட்டுவதா... "எமில்ராஜ், அந்தச் சுவிச்சைக் கழட்டலாமோ?" "கழட்டலாம் அக்கா, வயரை நேரை குடுத்து வெறும் மூடி போடலாம், திருத்த வேண்டி வந்தால் மெயினிலை நிப்பாட்டலாம். ஆனால்... வீட்டிலை ஒருக்கால் கேட்டுப்போட்டு..." "என்ரை வீடுதான்," என்றாள். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை என்று. அம்மா சீதனத்துக்கென்று எழுதி வைத்த வீடு, கலியாணம் வரவில்லை, வீடு மட்டும் வந்தது, தம்பி குடும்பத்தோடு வந்திருந்து அவளைப் பார்த்துக்கொண்டதில் அது எப்போதோ அவன் வீடு மாதிரி ஆகிவிட்டது, அதில் அவளுக்கு வருத்தமுமில்லை, ஆனால் ஒரு சுவிச், ஒரே ஒரு சுவிச்... "இண்டைக்கே வந்து பூட்ட ஏலுமோ?"

வந்தான், ஓட்டோவின் பின்னாலேயே மோட்டார்சைக்கிளில் வந்தான். ஏணி வைத்துச் சுவரில் கை வைத்ததும் தம்பியின் மனைவி வினோஜா குசினியிலிருந்து வந்து நின்றாள், கையில் துருவின தேங்காய்ப்பூ. "என்ன மச்சாள் இது, சுவிச்சைக் கழட்டிறார்? அவர் வரட்டுமன், அவரிட்டை ஒரு சொல்லுக் கேட்டிட்டு..." நல்லவள் வினோஜா, மணிக்கட்டு சுகமாகும்வரை அவளைப் பிடித்துக் குளிக்க வார்த்தவள், சுகமான பிறகும் கதவுக்கு வெளியே காவல் நிற்கிறவள், முகம் சுளிக்காதவள், அவளுக்கு முன்னால் இதைச் சொல்வதுதான் கஷ்டம், கோபக்காரிக்கு முன்னால் என்றால் லேசு... "கேக்கத் தேவையில்லை மச்சாள். உள்ளுக்கை நான் இருக்கேக்கை லைற் என்ரை கையிலை இருக்கோணும்." வினோஜா அவளைப் பார்த்தாள், எமில்ராஜைப் பார்த்தாள், பிறகு, "அப்ப இனி நான் வெளியாலை நிண்டு காவல் காக்கத் தேவையில்லை," என்று சொல்லிச் சிரித்தாள், அந்தச் சிரிப்பில் எவ்வளவு களைப்பு இறங்கியது என்பதைச் சுபாஜினி அப்போதுதான் கண்டாள். சுவிச் இருந்த இடத்தில் வெள்ளை மூடி ஒன்று வந்தது, வழவழவென்று, அழுத்த ஒன்றுமில்லாமல்.

எமில்ராஜ் போனதும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தானே. றிமோற் பொலித்தீன் பைக்குள், பை கழுத்தில் ஒரு நாடாவில். பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து, ஊன்றுகோலைச் சுவரில் சாத்தி, தண்ணீரைத் திறந்தாள், தலைக்குச் சவர்க்காரம் போட்டாள், நிறைய நுரை, வேண்டுமென்றே நிறைய, கண்ணை மூடி அசையாமல் இருந்தாள், அசையவே இல்லை, கையை ஆட்டவில்லை, யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை, வெளிச்சம் அப்படியே நின்றது. கூட்டினாள், சுவரில் பதித்த ஓட்டுக்கல் ஒவ்வொன்றும் பளிச்சென்றது, முழங்காலுக்கு மேல் போகிற தழும்பும்தான், நீளமாய், ஆறு மாதிரி, வகுப்பில் படத்தில் கீறுகிற ஆறு... அதை இவ்வளவு வெளிச்சத்தில் அவள் பார்த்ததில்லை, பார்த்தாள், பரவாயில்லை. குறைத்தாள். பிறகு ஒரு எண்ணம் வந்தது, பைத்தியக்கார எண்ணம், செய்யாதே, செய்... மேல் பித்தானைத் தடவி அழுத்தினாள். இருட்டு. முழு இருட்டு, அன்றைக்கு விழுந்த அதே இருட்டு, அன்றைய மழை மாதிரியே தண்ணீர்ச் சத்தம். இருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இதை நான் போட்டேன் என்று நினைத்தாள், இந்த இருட்டை நான் போட்டேன், எனக்கு வேண்டுமட்டும் இருக்கும், போகச் சொன்னால் போகும். தண்ணீர் தோளில் விழுந்துகொண்டிருந்தது, வாய் தானாக ஏதோ முணுமுணுத்தது, பாட்டென்று சொல்ல முடியாது, ஆனால் ராகம் இருந்தது. வேண்டுமட்டும் இருந்துவிட்டு லைற்றைப் போட்டாள்.

துவாலையை எடுக்கும்போது வெளியே ஜெயரூபனின் குரல், வேலையால் வந்துவிட்டான், வினோஜா ஏதோ சொல்வதும் கேட்டது, பிறகு காலடிச் சத்தம் நடைவழியால் வந்து கதவுக்கு வெளியே நின்றது. நிற்கட்டும், என்ன கேட்டாலும் பதில் இருக்கிறது, கோபிக்காமல் சொல்வேன், என்ரை வீடு என்பதைக்கூட வேண்டுமென்றால் சிரித்துக்கொண்டு... அவன் ஒன்றும் கேட்கவில்லை. மூடியை விரலால் தடவுகிற சத்தம் மட்டும். பிறகு, "நல்ல வேலை செய்திருக்கிறியள் அக்கா," என்றான், மெல்ல. "இனி என்ரை கை அங்கை போகாது." துவாலை கையில் இருந்தது. என்ன சொல்கிறான், எரிகிறதையெல்லாம் நிறுத்துகிற பழக்கத்தைச் சொல்கிறானா, அல்லது... அன்றைக்கு அவள் ஈரத் தரையில் கிடந்தாள், இருட்டில், குரல் எடுத்துக் கூப்பிட்டாள், ஓடிவந்தார்கள், கதவு திறந்தது, அவனுடைய முகத்தைப் பார்த்தாளே, நன்றாகப் பார்த்தாளே, அழுகிற முகம், கண்ணீர்கூடத் தெரிந்தது... எந்த வெளிச்சத்தில் பார்த்தாள்? கதவு திறப்பதற்கு முன்னமே லைற் எரிந்துவிட்டது. யாரோ முதலில் சுவிச்சைப் போட்டுவிட்டுத்தான் கதவைத் திறந்தார்கள். முதலில் வந்தது அவன், சுவிச் நிறுத்தியிருந்தது அவன் கைக்குத் தெரிந்திருக்கும். அப்படியென்றால் சவர்க்காரம் என்று அவள் சொன்னபோது, தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றானே... "ரூபன்," என்று கூப்பிட்டாள். "ஓம் அக்கா," என்று உடனே குரல் வந்தது, கதவில் முகம் படுகிற அளவு கிட்டத்திலிருந்து. லைற் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தது, எதைச் சொல்ல அவனைக் கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.