பச்சை விளக்குக்குத் தெரியாத மாத்திரை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனதில் தானாக ஊறி வந்ததல்ல, கேட்டு வாங்கப்பட்டது. மருந்து சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டுவதைப் பற்றி, மருந்துக்கடையில் காத்திருப்பவர்கள் படிக்க ஒரு சின்னக் கதை வேண்டும் என்று சாலைப் பாதுகாப்பு அலுவலகத்து அம்மா ஒருவர் கேட்டார். கடைசியில் ஒரு விபத்து இருந்தால் மனதில் பதியும் என்றும் சொன்னார். தலையாட்டிவிட்டேன். தலையாட்ட என்ன செலவு?

2

முதல் தொடக்கம்: "நொறுங்கிய கண்ணாடிக்கு நடுவே ஒரு சின்னஞ்சிறு செருப்பு..."

வேண்டாம். செருப்பைக் காட்டி அழவைப்பது எனக்குக் கைவந்த கலை. அதனாலேயே அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "அவன் ஒரு பொறுப்பில்லாத..."

இதுவும் ஆகாது. பொறுப்பில்லாதவன் கதை என்றால் 'நமக்கில்லை' என்று பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். ஆகவே பொறுப்புள்ள ஒருவரையே பிடித்து வந்திருக்கிறேன்.

3

அவர் பேருந்து ஓட்டுநர். பணிமனையில் பட்டப்பெயர் 'பச்சை'. அங்கே ஒரு வழக்கம் உண்டு. காலையில் சாவி வாங்கும் முன் ஓட்டுநர்கள் ஒரு குழாயில் ஊத வேண்டும். குடித்திருந்தால் சிவப்பு விளக்கு, இல்லாவிட்டால் பச்சை. இவருக்கு ஒரு நாளும் சிவப்பு எரிந்ததில்லை. குடித்தே குடும்பத்தைக் கெடுத்த அப்பாவுக்குப் பிறந்தவர் என்பதால் அந்தப் பட்டப்பெயரில் அவருக்குப் பெருமை அதிகம்.

சில நாட்களாக அடுக்கடுக்காகத் தும்மல். மருந்துக்கடை வைத்திருக்கும் மச்சினன் ஒரு மாத்திரையைக்* கொடுத்தான். தூக்கம் வரும், படுக்கும்போது மட்டும் போட வேண்டும், மறுநாள் அசதி இருந்தாலும் வண்டியைத் தொடக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னான்.

பச்சையின் கணக்கு வேறு. தும்மும்போது கண் மூடிக்கொள்கிறது. கண்ணை மூடிக்கொண்டு பேருந்து ஓட்டலாமா? பயணிகளின் நன்மையை நினைத்தே, வேலைக்குக் கிளம்பும்போது மாத்திரையைப் போட்டுக்கொண்டார். பணிமனையில் ஊதினார். பச்சை எரிந்தது. குழாய்க்கே சந்தேகமில்லை, நமக்கென்ன என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

(* எந்த மாத்திரை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் 'நான் சாப்பிடுவது வேறு' என்று நிம்மதியாகிவிடுவீர்கள். அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். புரியாவிட்டால் கடைக்காரரைக் கேளுங்கள். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்தியும் விடாதீர்கள்.)

4

தும்மல் நின்றது. பச்சைக்கு மகிழ்ச்சி.

[இங்கே அவருக்குக் கண் செருகியது என்று எழுத வந்தேன். செருகவில்லை. அதுதான் சிக்கல்.]

கண் திறந்தே இருந்தது, ஆள்தான் இல்லை. தன் நிறுத்தம் தாண்டிப் போய்விட்டதே என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தபோதுதான் பச்சை திடுக்கிட்டார். நிறுத்தம் போனால் போகட்டும். அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்துச் சிக்னல் ஒன்று உண்டே, அதில் நின்றோமா, நிற்காமலே வந்தோமா? எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. வண்டியை ஓரங்கட்டினார்.

என்னவென்று பார்க்க நடத்துனர் வந்தார்.

"மாத்திரை ஒண்ணு போட்டேன்ப்பா. தலை ஒரு மாதிரியா இருக்கு. இவ்வளவு தூரம் எப்படி வந்தேன்னே தெரியல."

"மாத்திரைதானேண்ணே, தண்ணியா போட்டீங்க? முகத்தைக் கழுவிட்டு எடுங்க. கொஞ்ச தூரம்தான்."

கழுவினார். முகம் நனைந்தது, அவ்வளவுதான். பணிமனைக்குப் போன் போட்டு ஓட்ட முடியவில்லை என்று சொல்லலாம். சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊரே பேசும்: பச்சையும் சிவப்பாகிவிட்டான், அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறான். வாழ்நாளெல்லாம் கட்டிக்காத்த பெயர். பாவம், அவர் பயம் எனக்குப் புரிகிறது.

5

முடிவு ஒன்று: வண்டியை எடுக்கிறார். வளைவில்... இதைக் கிழித்துவிட்டேன். அந்த அம்மா கோபித்துக்கொள்ளட்டும். பச்சையை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

முடிவு இரண்டு: வண்டியை எடுக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் பத்திரமாகப் போய்ச் சேருகிறார்கள். எழுதவே பயமாக இருப்பது இதைத்தான். நாளைக்கும் மாத்திரை போட்டுக்கொண்டு வருவார்.

முடிவு மூன்று: சாவியைக் கழற்றி நடத்துனரிடம் கொடுக்கிறார். ஆசைப்பட்டு நாலு முறை எழுதிப் பார்த்தேன். கை சாவி வரைக்கும் போகிறது, கழற்ற மாட்டேன் என்கிறது. முதுகுக்குப் பின்னால் வண்டி நிறைய ஆட்கள் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கை வரும்?

கடைசியில் அவர் எழுந்து திரும்பி நின்றார்.

"மாத்திரை மயக்கமா இருக்குங்க. அடுத்த வண்டி வர நேரமாகும். என்ன செய்யட்டும்?"

எடுங்கண்ணே, பார்த்துக்கலாம் என்றது ஒரு குரல். மற்றவர்கள் சன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். முன் இருக்கையில் உட்கார்ந்திருப்பது நீங்கள். உங்களுக்கும் நேரமாகிவிட்டது, இல்லையென்று நான் சொல்லவில்லை. ஒருவர் எழுந்து இறங்கினால் இன்னொருவரும் இறங்குவார். அவருக்கும் சாவியைக் கழற்றத் தைரியம் வரும். முதல் ஆளை மட்டும் என்னால் எழுத முடியாது. பச்சை உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.