மணவூர்க் கொட்டகைக் கார்

ராஜமாணிக்கத்தின் மில்லுக்கு இயந்திரங்கள் தந்த ஜெர்மன் தொழிற்சாலை, உலகப்போர் முடிந்தபின் கொஞ்ச காலம் கார்களும் செய்தது. பெரிய கார் வாங்க அந்த நாட்டு ஜனங்களுக்கு வசதியில்லாத நேரம். சின்னதாக, உருண்டையாக ஒன்றைச் செய்து விற்றார்கள். பெரிய கம்பெனிகள் மலிவாகக் கார் விடத் தொடங்கியதும் இது விலைபோகவில்லை. கார்ப் பிரிவை மூடிவிட்டு மறுபடி இயந்திரத்துக்கே திரும்பினார்கள். மதராசிலிருந்த அவர்களுடைய எஞ்சினியர் ஊர் திரும்பும்போது, தன் காரை ராஜமாணிக்கத்துக்கு விற்றுவிட்டுப் போனார். திருத்தணியில் அவரிடம் டிரைவராக இருந்து அதை ஓட்டியவன் ஆனந்தன்; அவன் மனைவி ஜெயம்மா.

அறுபத்தெட்டு, ஆடிக் கிருத்திகைச் சமயம். பிரேக் சரியில்லை.

"பார்ட்ஸ் கெடைக்கலீங்க மொதலாளி. கம்பெனிக்காரனே கார் செய்யறத வுட்டுட்டான். மலைக்கு வேணாங்க" என்றான் ஆனந்தன்.

ராஜமாணிக்கம் கேட்கவில்லை. அவருடைய விருந்தாளிகளைக் கோயிலில் விட்டுவிட்டு ஆனந்தன் தனியாக இறங்கும்போது, வளைவில் கார் பாறையில் மோதியது. ஆனந்தனின் வலது கால் போயிற்று. பழி தன்மேல் வராமலிருக்க, "குடிச்சிகினு ஓட்டினான்" என்று போலீஸில் சொல்லிவிட்டார் ராஜமாணிக்கம்.

முருகனுக்கு மாலை போட்டு விரதம் இருந்தவனைப் பார்த்துச் சொன்ன சொல் அது. கால் போனதைவிட அதுதான் ஜெயம்மாவின் வயிற்றில் நெருப்பாகக் கிடந்தது. அவள் மறக்கவில்லை.

எழுபத்தாறில் அதே ஜெர்மன் கம்பெனி, புது மில் இயந்திரங்களுக்கு ஏஜென்சி கொடுக்க ஆட்களை அனுப்புவதாக ராஜமாணிக்கத்துக்கு எழுதியது. அவர்கள் செய்த பழைய கார் திருத்தணியில் இன்னும் ஓடுகிறது என்று ராஜமாணிக்கம் அவர்களிடம் பெருமையடித்திருந்தார். அவருடைய காரோ விபத்துக்குப் பின் எழவேயில்லை. அதே மாதிரி இன்னொன்று மணவூரில் ஒரு கொட்டகையில் கிடந்தது. அதை வாங்கித் தன்னுடையதாக ஓட்டிக் காட்டலாம் என்று அவர் தேடிப் போவதற்குள், சேதி தெரிந்து, கறவை மாட்டை விற்று ஜெயம்மா வாங்கிவிட்டாள்.

வீடு தேடி வந்தார் ராஜமாணிக்கம்.

"எவ்ளோ கேட்டாலும் தரேன் ஜெயம்மா."

"துட்டு வேணாங்க. ஸ்டேஷனாண்ட டாக்ஸி ஸ்டாண்டு கீதில்ல, அங்க வந்து எம் புருசன் குடிக்கலன்னு சொல்லுங்க. கொட்டகை சாவி தரேன்."

மறுநாள் டிரைவர்கள் கூடி நிற்க, அவர் தலைகுனிந்து சொன்னார்: "அன்னிக்கி ஆனந்தன் குடிக்கல. பிரேக் இல்லன்னான். நான்தான் ஓட்டச் சொன்னேன்."

"அந்தாண்ட நிக்கறவங்களுக்குக் கேக்கலீங்க" என்றாள் ஜெயம்மா.

மறுபடி உரக்கச் சொன்னார். அவள் சாவியைக் கொடுத்தாள்.

மணவூரில் பூட்டைத் திறந்தபோது கொட்டகைக்குள் எண்ணெய்க் கறையும் கிழிந்த ஒரு சீட்டும்தான் இருந்தன. முந்தின நாளே, ஜெயம்மா வரவழைத்த அரக்கோணத்துக் காயலான் கடைக்காரர் காரைத் துண்டு துண்டாக வெட்டி ஏற்றிப்போய்விட்டார்.

"ஏமாத்திட்டியே!" என்று ஜெயம்மாவிடம் திரும்பி வந்து கத்தினார் ராஜமாணிக்கம்.

"ஆங், ஏமாத்திட்டேன். போயி போலீஸ்ல சொல்லுங்க, ஜெயம்மா குடிச்சிகினு ஏமாத்திட்டான்னு."

ஜெர்மன்காரர்கள் வந்தார்கள், ராஜமாணிக்கத்தின் ஓடாத காரைப் பார்த்தார்கள், போனார்கள். ஏஜென்சி திருவள்ளூரில் யாருக்கோ போயிற்று.

சேதி கேட்டு ஆனந்தன் சந்தோஷப்படவில்லை. "நல்ல வண்டி அது. கொஞ்சம் கை வெச்சா ஓடியிருக்கும். அவரு வாயால சொன்னதே போதுமே, ஜெயா" என்றான்.

"உங்களுக்குப் போதுங்க. எனக்குப் போதல" என்று சொல்லிவிட்டு, அவன் தட்டில் சோற்றைப் போட்டாள்.