பச்சைக் காரின் பழைய தோல்

கார்களுக்கு இருக்கை தைப்பது அக்காவின் தொழில். முப்பது வருடங்களில் எத்தனையோ பேருடைய வண்டிகளுக்குப் புதுத்தோல் போர்த்தி அனுப்பியிருக்கிறாள். அப்பாவின் வண்டியில் மட்டும் ஊசி வைக்க அவர் அவளை விட்டதே இல்லை. அது அறுபத்தொன்றாம் ஆண்டில் இங்கிலாந்தில் செய்யப்பட்டுக் கப்பலேறி வந்த, இரண்டே பேர் அமரக்கூடிய, கரும்பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார். நீண்ட மூக்கும் உருண்டைக் கண்களுமாக, எதையோ கேட்க வந்து மறந்துவிட்ட பிராணியைப் போலக் கொட்டகையில் நிற்கும்.

அப்பாவுக்குப் பின் அது அக்காவுக்கும், மருந்துக்கடை வைத்திருந்த தம்பிக்கும் பொதுவாயிற்று. தம்பி விற்றுவிடலாம் என்றான். அக்காவுக்கு அதைப் பிரிய மனமில்லை. கடைசியில், பழைய கார்களுக்கு விலை சொல்லும் மதிப்பீட்டாளர் ஒருவரை வரவழைப்பதென்று பேசி முடித்தார்கள். அவர் சொல்லும் விலையில் பாதியை அக்கா கொடுத்தால் வண்டி அவளுக்கு, இல்லாவிட்டால் ஏலத்துக்கு.

"பழைய இரும்புதானேக்கா, என்ன பெரிய விலை வந்துடப்போகுது?" என்றான் தம்பி, ஆறுதலாக.

விலை எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அக்காவுக்குத் தெரியும். இவ்வகை வண்டிகளைச் சேகரிப்போர் விசித்திரமான மனிதர்கள். பளபளக்கும் புதுத்தோலைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். தொழிற்சாலையில் முதன்முதலாகத் தைத்த தோல் வெடித்து வெளுத்திருந்தாலும் அதற்கு அள்ளிக் கொடுப்பார்கள். பெயின்ட், எஞ்சின், தோல் மூன்றும் பிறந்தபடியே இருக்கும் வண்டி ஒரு வீட்டின் விலைக்குப் போகும். தோலை மாற்றிவிட்டாலோ அதில் மூன்றிலொரு பங்கு கரைந்துவிடும். அந்தப் பங்குதான் அவளுக்கும் வண்டிக்கும் நடுவே மலைபோல் நின்றது.

மதிப்பீட்டாளர் வருவதற்கு முந்தைய நாள் பிற்பகலில், தையல் பிரிக்கும் கத்தியோடு அக்கா கொட்டகைக்குள் நுழைந்தாள். பழைய தோலை உரித்து, விடிவதற்குள் புதியதைப் போர்த்திவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. அப்பாவின் நினைவாகத் தன் கையால் தைத்ததாகச் சொன்னால், தம்பி கண்கலங்கி நன்றிகூடச் சொல்வான்.

ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்துகொண்டு, பக்கத்து இருக்கையின் ஓரத்தில் கத்தியை நுழைத்தாள். மூன்று தையல்கள் சத்தமின்றிப் பிரிந்தன. நான்காவதில் கை நின்றது. அது கோணல் தையல். அந்தத் தொழிற்சாலையில் யாரோ ஒருத்தி தவறாகக் குத்திவிட்டு, மேற்பார்வையாளர் கண்ணில் படாதிருக்க அதன்மேலேயே இன்னொன்றைப் போட்டு மறைத்திருக்கிறாள். வேலை குவிந்த நாட்களில் அக்கா செய்வதும் அதேதான்.

ஜன்னல் வெளிச்சத்தில் தூசி மிதந்தது. தோலும் எண்ணெயும் கலந்த வாசனையில் அவளுக்குக் கண் சொருகியது. வண்டி மெல்ல நகர்ந்ததுபோல் இருந்தது. சுவர் விலகி வழிவிட்டது. கண்ணாடிக்கு அப்பால் பனி படர்ந்த நீண்ட கூடம். வரிசை வரிசையாகப் பெண்கள், மடிநிறையத் தோல். கடைசியில் இருந்தவளின் முகம் பனியில் தெரியவில்லை. விரல்நுனியின் ஊசிக்குத்துகள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. அக்கா தன் விரல்களை உயர்த்திக் காட்டினாள். அங்கிருந்தும் ஒரு கை உயர்ந்தது.

விழித்தபோது கத்தி காலடியில் கிடந்தது. அதை எடுத்து மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை வந்து, வண்டியை அங்குலம் அங்குலமாகக் குனிந்து ஆராய்ந்த மதிப்பீட்டாளருக்கு ஐந்தே நிமிடத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர் சூட்டிவிட்டான் தம்பி.

"தொடாதீங்க சார், தொடாதீங்க!" என்று அவர் தம்பியின் கையைத் தட்டிவிட்டார். "இது அந்தக் காலத்துத் தோல். அப்படியே இருக்கு. இந்த வண்டியைக் கொடுத்தா ரெண்டு மாடி வீடு வாங்கலாம்."

தம்பி வாய் பிளந்தான்.

"ஆனா இங்க மூணு தையல் பிரிஞ்சிருக்கே. எலியா?"

"எலி இல்ல, நான்தான்," என்றாள் அக்கா.

"நீயா? எதுக்குக்கா?"

"விலையைக் குறைக்கத்தான். தோலை மாத்திட்டா உன் பாதியை என்னால கொடுத்துட முடியும். ஆனா கை வரலடா."

தம்பியின் முகம் கறுத்தது. "என்னை ஏமாத்தப் பாத்திருக்க."

"ஆமா."

அவன் குனிந்து அந்த மூன்று தையல்களையும், அடுத்திருந்த கோணலையும் வெகுநேரம் பார்த்தான். நிமிர்ந்தபோது உதட்டோரம் சிரிப்பு துடித்தது.

"மூணோட நிறுத்திட்டியே. உனக்குத் திருடக்கூட ஒழுங்கா வரலக்கா."

பிறகு மதிப்பீட்டாளரிடம் திரும்பினான். "சார், இதை ஓட்டினா விலை குறையுமா?"

"ஓட்டறதா? ஓடின தூரம் ஏற ஏற விலை இறங்கும் சார். போர்த்தி வைங்க."

"எவ்வளவு தூரம் ஓட்டினா எங்கக்கா கைக்கு எட்டும்?"

"என்ன சார், விளையாடறீங்களா?"

"சரி விடுங்க, ஓட்டியே பாத்துக்கறோம்." சாவியை அக்காவின் கையில் திணித்துவிட்டு, அவன் பக்கத்து இருக்கையில் ஏறி அமர்ந்தான்.

விற்கச் சொன்ன தம்பியே வாரந்தோறும் கிளப்பி உயிர்கொடுத்து வந்த எஞ்சின், இருமுறை செருமிவிட்டு உறுமியது. கூரையில்லாத வண்டி வெளியே வந்ததும் தூறல் பிடித்துக்கொண்டது.

"தோல் நனையுதும்மா!" என்று மதிப்பீட்டாளர் குடையோடு பின்னால் ஓடிவந்தார்.

"தைக்கிறவ உள்ளதானே இருக்கேன்!" என்று திரும்பிப் பாராமலே கத்தினாள் அக்கா.

தெருமுனையில் வண்டி திரும்பியபோது, வேகமானியின் கீழே ஓடிய தூரம் காட்டும் சிறிய எண்ணொன்று, தூக்கம் கலைந்தாற்போல் மெல்லப் புரண்டு அடுத்ததற்கு இடம் கொடுத்தது.